ஓய்வு நேரம்: வீட்டிற்குள் ஒரு சிறு கடல்

சென்ற இதழில் நன்னீர் மீன் தொட்டியைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர்கள் சிலர், கடல் மீன்களையும் அவை வாழும் பவளப் பாறையையும் வீட்டில் வைத்துப் பேண வழி கூறுமாறு கேட்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர், எட்டாம் வகுப்பில் பயிலும் தம் புதல்வனின் நச்சரிப்புப் பொறுக்காமல் நகரத்துக் கடை ஒன்றை அணுகினாராம். கடைக்காரர், தொட்டியோடு ‘உயிர்ப் பாறை’ என்ற ஒன்றையும் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருவதாகவும், அது இராமேசுவரத்துப் பக்கத்திலிருந்து வருவதால் மிக உயர்ந்த சரக்கு என்றும் சொன்னாராம். முன்பணம் கொடுக்கும் முன் அன்பர் நமக்கு எழுதியது நல்லதாயிற்று. அச்சரக்கு வீட்டிற்கு வந்திருந்தால் பணம் போவதோடு நில்லாது, வனத்துறையும் வாசலுக்கு வந்திருக்கலாம். ஆகவே இம்மாதம் அப்பாறையிலிருந்தே தொடங்குவோம்.

உயிர்ப் பாறை என்பது பெயரளவிலேதான் உயிருள்ள பாறை. பவளப் பூச்சிகள் கடல் நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டுகின்றன. அவை மடிந்த பிறகு அக்கூடு கல்லாகி நிற்கிறது. முருகைக்கல் என்று இதனை வழங்குவர். அலையாலும் புயலாலும் முறிந்து கடலடியில் கிடக்கும் இக்கல்லின் உடலெங்கும் துளைகள். அத்துளைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியேறுகின்றன. மேற்புறத்தில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சுண்ணப் பாசி படர்கிறது. சிறு புழுக்களும் கடற்பஞ்சுகளும் நத்தைகளும் இண்டு இடுக்குகளில் ஒண்டிக்கொள்கின்றன. வீடு கல், குடியிருப்பவையே உயிர்.

இக்குடிகள் செய்யும் வேலையை அறிந்துகொண்டால் கடல்நீர்த் தொட்டியின் இரகசியத்தில் முக்காற் பங்கை அறிந்தவராவோம். மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியிடுகிறது. அம்மோனியா நஞ்சு, கடல் நீர் காரத்தன்மை உடையதாகையால், அந்நீரில் அது நன்னீரில் இருப்பதைவிடக் கொடிய நஞ்சாகிறது. நுண்ணுயிர்களில் ஓரினம் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றோரினம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டு மிகுந்த தீங்கற்றது. இவ்விரண்டு வேலையும் பாறையின் மேற்புறத்தில், பிராணவாயு உள்ள இடத்தில் நடைபெறும். பாறையின் ஆழ்ந்த துளைகளுக்குள் பிராணவாயு எட்டுவதில்லை. அங்கே வாழும் வேறோர் இனம், நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு எஞ்சிய நைட்ரஜனைக் காற்றாக வெளியே விட்டுவிடும். ஆக, கழிவு நீர் துப்புரவாகி, அழுக்குக் காற்றிலே கலந்து போகிறது. நகராட்சி கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டும் நிலையத்தின் வேலையை ஒரு கருங்கல் அளவான துண்டு ஓசையின்றிச் செய்துவிடுகிறது.

இதனை வீட்டுத் தொட்டிக்குப் பயன்படுத்திக் காட்டியவர்களுள் முதல்வராகச் சொல்லப்படுபவர், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர். 1961-ஆம் ஆண்டில் அவர் தமது முறையை அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். வடிகட்டும் பெட்டி இல்லை. கடற்பாறையும் கடல் நீரும் வெயிலும் சிறு காற்றுக் குமிழியுமே அவருடைய சாதனங்கள். பின்னர் ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள், பாறையோடு நுரை பிரிக்கும் கருவியையும் வலிய விளக்கையும் சேர்த்து அம்முறையைச் செம்மைப்படுத்தினர். இன்று உலகெங்கும் வழங்குவது பெரும்பாலும் அதன் வழிவந்ததே. கடற்கரையில் குடியிருந்த லீ சின் எங்குக்குப் பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்த நாக்பூரில் இருந்துகொண்டு அப்படியே பின்பற்ற முனைவதில்தான் சங்கடம் பிறக்கிறது.

இந்தியச் சட்டம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ஆம் ஆண்டில் கல்பவளங்கள் யாவும் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், கடல்விசிறி, தீப்பவளம், குழற்பவளம், கடற்குதிரை, கடலட்டை ஆகியவையும் பட்டியலில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் எந்த அட்டவணையோ பவளத்திற்கும் அதே அட்டவணை. 2022-இல் திருத்தப்பட்டபடி, இவ்வட்டவணை உயிர்களைப் பற்றிய குற்றத்திற்கு மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறையும், இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. உயிருள்ள பவளமாயினும் காய்ந்த துண்டாயினும் சட்டத்தின் முன் ஒன்றே. இராமேசுவர யாத்திரை முடித்துத் திரும்பும் நம்மவர், கரையில் கண்ட வெள்ளைக் கல்லை அழகென்று எண்ணிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவதுண்டு. அவர்களுக்கும் இது தெரிந்திருத்தல் நலம். ‘இது வெளிநாட்டுச் சரக்கு’ என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் மட்டும் தீர்ந்துவிடாது. கல்பவளங்களெல்லாம் சர்வதேச வாணிப உடன்படிக்கையின் பட்டியலிலும் இருக்கின்றன. அத்தகைய உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

சட்டத்தை அஞ்சி மட்டும் இதனைச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில், இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையோரமாக 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளத் திட்டுகளே அக்கடலின் மீன்களுக்குத் தொட்டில். சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டிப் பல்லாண்டுகள் அங்கே பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனபின் தீவு எப்படி நிற்கும்? பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்து போயின. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் நீர் வழக்கத்தைவிடச் சற்றே சூடேறியதால் அங்குள்ள பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன. பல மடிந்தும் போயின. எஞ்சியிருப்பதை மண்வெட்டியால் பெயர்த்துக் கோணியில் கட்டி, நம் வரவேற்பறை அலங்காரத்திற்காக இத்தனை கல் தொலைவு கொண்டு வருவதை நாம் ஒருபோதும் ஆதரிக்க இயலாது. நம் சங்க அன்பர்கள் பலரின் உறவினர்கள் அக்கரையில் கட்டுமரம் செலுத்துகிறவர்கள் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

அப்படியானால் புதல்வனுக்கு என்ன விடை சொல்வது? தாராளமாக ‘ஆகட்டும்’ என்று சொல்லலாம். உயிர்ப் பாறையை விலைக்கு வாங்காமல், உயிரற்ற பாறையை வாங்கி அதற்கு நாமே உயிரூட்டுவதுதான் வழி. நுண்ணுயிர்களுக்கு வேண்டியது துளைகளுள்ள இடமேயன்றிப் பவளமன்று. சுட்ட மண்ணாலும் சுண்ணக் கலவையாலும் செய்யப்பட்ட செயற்கைப் பாறைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. சிக்கனமாகச் செய்ய விரும்புவோர் வீட்டிலேயே வார்த்துக்கொள்ளலாம். வெள்ளைச் சிமெண்டு ஒரு பங்கு, கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் நொறுக்கு இரண்டு பங்கு, கல்லுப்பு இரண்டு பங்கு. இவற்றைக் கெட்டியாகப் பிசைந்து ஈர மணலில் குழி பறித்து விரும்பிய வடிவில் வார்க்க வேண்டும். சிமெண்டு தோலை அரிக்குமாகையால் கையுறை இன்றிப் பிசையலாகாது. ஒரு வாரம் ஈரத்துணி மூடி இறுகவிட்டுப் பின் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்புக் கரைந்து துளைகள் உண்டாகும். சிமெண்டின் காரம் முற்றும் நீங்கும் வரை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும். காரம் நீங்கியதா என்பதைக் காரஅமிலச் சோதனைத் தாளால் அறியலாம். அளவு எட்டரைக்குக் கீழே இறங்கி நிலைத்திருக்க வேண்டும்.

இனித் தொட்டி. சிறியதாக இருந்தால் எளிது என்று பலர் நினைக்கின்றனர். உண்மை நேர்மாறானது. நீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் விரைவில் மாறிவிடும். ஒரு மீன் இறந்தால் நீர் முழுவதும் கெடும். இரண்டடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் உடைய தொட்டி, அதாவது ஏறக்குறைய 120 லிட்டர் கொள்ளுவது, புதியவர்களுக்கு ஏற்றது. கண்ணாடி எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். நீரும் பாறையும் கண்ணாடியும் சேர்ந்து 150 கிலோவுக்குக் குறையாது. ஆகவே தையல் இயந்திர மேசைமீதோ பழைய டிரங்குப் பெட்டிமீதோ வைக்க எண்ண வேண்டா. குவார்ட்டர்சில் சுவரோரம் கட்டிய சிமெண்டுத் திண்ணை இருந்தால் அதைவிடச் சிறந்த இடமில்லை. சன்னலருகே வேண்டா, நம்மூர் வெயில் ஒரே பிற்பகலில் நீரைக் காய்ச்சிவிடும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். உப்புநீர்தானே, ஒரு மூட்டைத் தூத்துக்குடி உப்பைக் கரைத்தால் கடலாகிவிடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆகாது. அதன் காரணம் உப்பளத்திலேயே இருக்கிறது. கடல் நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் வற்றவிடும்போது, முதலில் சுண்ணாம்புப் பொருளும் அடுத்து ஜிப்சமும் படிந்து விடுகின்றன. அதன் பின்னரே சோற்றுப்பு விளைகிறது. எஞ்சிய கசப்பு நீரில் மக்னீசியம் தங்கிவிடுகிறது. நம் சமையலறைக்கு வருவது நடுவில் விளைந்த ஒரு பகுதி மாத்திரமே. முன்னே படிந்ததும் பின்னே தங்கியதும் இல்லாமல் அதனை மீண்டும் கடலாக்க இயலாது. கடல்நீர்த் தொட்டிக்கென்று அளவாகக் கூட்டிய உப்புக் கலவை தனியே விற்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும். ஒரு கிலோ கடல் நீரில் 35 கிராம் உப்பு என்பது கணக்கு. கலவையில் சிறிது ஈரமும் இருக்குமாகையால் 100 லிட்டருக்கு ஏறக்குறைய நான்கு கிலோ தேவைப்படும். அடர்த்தி எண் 1.025 முதல் 1.026 வரை இருக்கட்டும். ஒளிவிலகலைக் கொண்டு அளக்கும் சிறு குழாய்க் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் கருவியை நம்ப வேண்டா.

உப்பைக் கரைக்கும் நீரும் தூயதாயிருக்க வேண்டும். குழாய் நீரில் குளோரினும், ஆழ்குழாய் நீரில் நைட்ரேட்டும் பிறவும் உண்டு. இப்பொழுது பல வீடுகளிலும் இருக்கும் ஆர்.ஓ. கருவியின் நீரைப் பயன்படுத்தலாம். ஆனால், சுவைக்காகச் சிறிதளவு பழைய நீரையே திரும்பக் கலக்கும் திருகு ஒன்று பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் இருக்கும். அதனை மூடிவிட்டு, பிசின் நிரப்பிய குழல் ஒன்றையும் இறுதியில் இணைத்தால், கரைந்த உப்பைக் காட்டும் மானி பூச்சியத்தை ஒட்டிக் காட்டும்.

இல்லத்தரசியருக்கு ஒரு சொல். உப்பு நீரைச் செப்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ கலக்கலாகாது. மனிதருக்கு நலமென்று நாம் பேணும் செம்பு, இறாலுக்கும் நத்தைக்கும் மிகச் சிறிதளவே நீரில் கலந்தாலும் எமனாகும். பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். சோப்புப் படாமலிருப்பதும் முக்கியம்.

கருவிகள் அதிகமில்லை. நீரைச் சுழற்றும் சிறு பம்பு ஒன்று அல்லது இரண்டு. மணிக்கு இரண்டாயிரம் லிட்டருக்குக் குறையாமல் தள்ளினால் நலம். பாறையின் துளைகளுக்குள் நீர் புகுந்து வெளிவந்தாலன்றி நுண்ணுயிர் வேலை செய்யாது. நுரை பிரிக்கும் கருவி இருந்தால் நன்று. சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டிப் பால் விட்டால் அழுக்கெல்லாம் நுரையோடு திரண்டு மேலே வருகிறதல்லவா? ஏறக்குறைய அதே போல, நீரில் கரைந்த கழிவு காற்றுக் குமிழிகளில் ஒட்டி மேலே வந்து கிண்ணத்தில் வழியும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரைத் தவறாமல் மாற்றுவோர் தொடக்கத்தில் இக்கருவி இன்றியும் சமாளிக்கலாம். மார்கழி, தை மாத இரவுகளில் இங்கே குளிர் பத்து டிகிரி அளவுக்கு இறங்குவதால், வெப்பக் கட்டுப்பாடுள்ள நீர்ச்சூடேற்றி வேண்டும். விளக்கு சாதாரண எல்.இ.டி. போதும், நாள்தோறும் எட்டு மணி நேரம். பவளம் வளர்ப்போருக்குத்தான் விலையுயர்ந்த நீல விளக்கு தேவை.

மின்சாரத்தைப் பற்றி அச்சுறுத்துவதாக எண்ணலாகாது. உப்பு நீர் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். ஒவ்வொரு கம்பியும் செருகுமிடத்தைவிடத் தாழ வளைந்து பிறகு மேலேறுமாறு அமையுங்கள். சொட்டும் நீர் வளைவிலேயே விழுந்துவிடும். மின்கசிவில் தானே அறுபடும் சுவிட்சு வீட்டில் உண்டா என்று பார்த்து, இல்லையேல் அதனைப் பொருத்திய பின்னரே தொட்டியில் நீர் ஊற்ற வேண்டும். நீரில் கை வைக்கும் முன் எல்லாவற்றையும் அணைத்துவிடுவது வழக்கமாகட்டும். குழந்தைகளுக்கும் முதல் நாளிலேயே இதனைச் சொல்லிவையுங்கள்.

பாறையை முதலில் வைத்துப் பின் மணலைப் பரப்ப வேண்டும். மணல்மேல் பாறையை வைத்தால், அடியிலே பறிக்கும் உயிர்கள் பாறையைச் சரித்துவிடும். கண்ணாடி என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிலோப் பாறை என்ற கணக்கில் பத்துப் பன்னிரண்டு கிலோ போதுமானது. சுவர்போல் அடுக்காமல், குகையும் இடைவெளியுமாக அடுக்குங்கள். மணல் இதற்கென விற்கும் சுண்ண மணலாகவே இருக்கட்டும். ஆற்று மணலும் கடற்கரை மணலும் வேண்டா.

இப்போது தொட்டி நிரம்பியது. நீர் பளிங்குபோல் தெரிகிறது. பையன் மீன் வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் பணத்தையும் மீனையும் ஒருங்கே இழக்கின்றனர். பாறையில் இன்னும் ஒரு குடியும் ஏறவில்லை. சித்த வைத்தியர் ஒரு மண்டலம் மருந்துண்ணச் சொல்வதுபோல, இதற்கும் ஒரு மண்டலப் பத்தியம் உண்டு. புட்டியில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றி, அவற்றிற்கு உணவாக அம்மோனியாவைச் சிறிது சேர்க்க வேண்டும். ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடே. எனினும் கடைத்தெரு நவச்சாரத்தில் வேறு உலோகங்கள் கலந்திருக்கக்கூடுமாகையால், சோதனைச் சாலைத் தரமுள்ளதை வாங்க வேண்டும். நூறு லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மிகுதியாகச் சேர்த்தால் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அம்மோனியா ஆகும்.

அதன்பின் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை சோதனைக் குழாயில் நீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் அம்மோனியா நிற்கும். பிறகு அது குறையக் குறைய நைட்ரைட்டு ஏறும். பின்னர் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட்டு தோன்றும். புதிதாக இட்ட அம்மோனியா ஒரே நாளில் மறைந்து நைட்ரைட்டும் பூச்சியமாகக் காட்டினால், பாறை உயிர் பெற்றுவிட்டது என்று கொள்ளலாம். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சில தொட்டிகளில் எட்டும் ஆகலாம். இக்காலத்தில் தாளில் கோடு கிழித்து நாளும் அளவும் குறித்துவரும் வேலையைப் பையனிடமே ஒப்படையுங்கள். பள்ளியில் ஓராண்டு கற்கும் இரசாயனத்தைவிட அந்த ஒரு தாளில் அதிகம் கற்றுக்கொள்வான். மீன் இல்லாத தொட்டியைப் பார்த்து விருந்தினர் நகைப்பர். நகைக்கட்டும்.

இவ்வேளையில் கண்ணாடியும் பாறையும் பழுப்பேறும். அடுத்துப் பச்சைப் பாசி நூல் நூலாக வளரும். அழகு கெட்டதே என்று பலர் இந்நிலையில் மனம் தளர்ந்து தொட்டியை விற்றுவிடுகின்றனர். இது ஒவ்வொரு புதுத் தொட்டியும் கடந்து செல்லும் பருவம். நத்தைகள் சிலவற்றை விட்டால் மேய்ந்துவிடும். ஊதா நிறச் சுண்ணப் பாசி மட்டும் தானாகத் தோன்றாது. ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் அன்பரிடமிருந்து, அப்பாசி படர்ந்த செயற்கைப் பாறைத் துண்டு ஒன்றைக் கேட்டுப் பெற்று நடுவில் வைத்தால், சில மாதங்களில் பரவிவிடும். தயிருக்கு உறை வாங்குவதுபோல இதுவும் அண்டை அயலில் வாங்கிக்கொள்ள வேண்டியதே.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எவரேனும் கொடுத்த பழைய பாறையைத் தூய்மை செய்வதாக எண்ணி அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். பொத்தான்போல் கொத்தாக வளரும் சோவாந்தம் என்ற கடலுயிர்களில் சில, பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சை உடையன. கொதிக்கும் ஆவியோடு அது மூச்சிலே ஏறிக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் நேர்ந்துள்ளன.

மண்டலம் முடிந்ததும் மீன். முதல் தொட்டிக்கு ஓர் இணைக் கோமாளி மீனைவிட ஏற்றதில்லை. ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டையுடைய இம்மீனை 2003-இல் வெளிவந்த அமெரிக்கக் கார்ட்டூன் படத்தின் வாயிலாகக் குழந்தைகள் யாவரும் அறிவர். அதனைக் கடலில் பிடிக்க வேண்டியதில்லை. 1947-இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் இதனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருக்கின்றனர். வளர்ப்பிடத்தில் பிறந்த குஞ்சையே கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்த மீன்களில் சில, அயல்நாடுகளில் சயனைடு நஞ்சைப் பீய்ச்சி மயக்கிப் பிடிக்கப்பட்டவையாக இருக்கும். அவை கடையில் துள்ளும். வீட்டிற்கு வந்து சில நாளில் மடியும். இணை சேர்ப்பது எளிது. இம்மீன் குஞ்சாயிருக்கையில் எல்லாம் ஆணே. இரண்டைச் சேர்த்து விட்டால், வலியது பெண்ணாக மாறிவிடும். இதனைச் சொன்னபோது நம் அலுவலகத்து நண்பர்கள் நம்ப மறுத்தனர். உண்மை அதுவே.

மீன்கள் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய இடமெல்லாம் பிராணவாயுவும் அடைத்த பைகளில் வரும். பையைப் பிரிக்காமல் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, பின் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டுப் பழக்க வேண்டும். மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டுப் பை நீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டு கோமாளிகள், ஒரு துப்புரவு இறால், சில நத்தைகள். இத்தொட்டிக்கு இவை போதும். அதே படத்தில் வந்த நீல மீனையும் பையன் கேட்பான். அது ஓரடி வரை வளரக்கூடியது. ஆறடித் தொட்டி வேண்டும். இல்லை என்று சொல்லிவிடுங்கள். கடல் தாமரையும் முதலாண்டில் வேண்டா. அஃதின்றியே கோமாளி நன்கு வாழும்.

கடைசியாக, நம்மவருக்கே உரிய ஒரு தொல்லை. சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும். நீரோ 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சரியாக அதே மாதங்களில்தான் பள்ளி விடுமுறையும், பாஸும், ஊர்ப் பயணமும் வருகின்றன. இருபது நாள் வீடு பூட்டிக் கிடக்கும். ஆகையால் மாசி, பங்குனியில் தொட்டி தொடங்கவே கூடாது என்பது நம் துணிபு. ஊருக்குப் போய்த் திரும்பி, மழை பிடித்த பிறகு ஆனியில் தொடங்கினால், அடுத்த கோடைக்குள் பாறை நன்கு முதிர்ந்துவிடும்.

கோடையில் நீரின்மேல் சிறு விசிறி வீசினால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அவ்வாறு குறையும் நீருக்கு ஈடாகத் தூய நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்புநீரை ஊற்றலாகாது. நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. உப்பு நீர் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவாகவே பிராணவாயுவைத் தாங்கும். சூடேறினால் இன்னும் குறையும். எனவே மின்சாரம் நின்றால் தானே இயங்கும் பாட்டரிக் காற்றுப் பம்பு ஒன்று இன்றியமையாதது.

ஊருக்குப் புறப்படுமுன் பக்கத்து வீட்டு மராட்டிய அன்பரிடம் சாவியைக் கொடுங்கள். தொட்டியின் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேரே ஒரு கோடு இட்டு, அக்கோடு வரை நாள்தோறும் நன்னீர் ஊற்றச் சொல்லுங்கள். இரையை டப்பாவோடு ஒப்படைக்காதீர்கள். பசிக்குமே என்ற இரக்கத்தில் அள்ளி இட்டுவிடுவார். தின்னாத இரை அழுகி நீரை நஞ்சாக்கும். இரண்டு நாளுக்கொரு சிட்டிகை என்று பத்துப் பொட்டலங்களாக மடித்து, ஒவ்வொன்றிலும் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியேறுங்கள். திரும்பும்போது அவருக்கு மறவாமல் ஊரிலிருந்து முறுக்கோ கருப்பட்டியோ கொண்டு வாருங்கள்.